ஃபியூஸ் இல்லாத மின்மினி

“டப்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீடு முழுக்க விளக்குகள் அணைந்தன, விசிறிகள் நின்றன. புகைக்கு நடுவிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் உற்சாகமாக வந்தது.

“வெடிக்கும்னு சொன்னேன்ல!”

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓவியங்களைத் திருத்திக்கொண்டிருந்த மனைவி பென்சிலோடு ஓடி வந்தாள். “ஐயையோ, கையில பட்டுச்சா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. மின்மினியோட மானம்தான் கப்பலேறிடுச்சு. கெப்பாசிட்டரோட ப்ளஸ் மைனஸை மாத்திப் போட்டிருக்கான் பாரு. படத்துல இருந்தபடியே செஞ்சேன், பட்டாசா வெடிக்குது!”

அந்த எலெக்ட்ரானிக்ஸ் மாதப் பத்திரிகையில் ‘மின்மினி’ என்பவரின் சர்க்யூட் படங்கள் பதினோரு மாதமாக வந்துகொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் மணி, இருட்டினால் தானாக எரியும் விளக்கு. மணி தொட்டி காலியானால் கத்தியது. விளக்கு பட்டப்பகலில் எரிந்தது. ரேடியோ ரிப்பேர் கடைக்கு விடுமுறை விட்டு ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, பத்திரிகைக்கு நாலு பக்கம் காரசாரமாகக் கடிதம் எழுதாவிட்டால் மெக்கானிக்குக்குக் கை அரிக்கும்.

“படமாவது நல்லாருக்கா?” என்றாள் மனைவி.

“படம் அச்சு மாதிரி இருக்கு. ஒரு கோடு பிசகல. மூளைதான் இல்ல. எந்தப் படத்துலயும் ஒரு ஃபியூஸ் கிடையாது!”

“உங்க மேசையில மட்டும் இருக்காக்கும்? வீடே அணைஞ்சு கிடக்கு.”

“நான் போடாட்டி என்ன? ஊருக்குப் பாடம் எடுக்கிறவன் போட வேணாமா?”

காலிங் பெல்லுக்குக் கரன்ட் இல்லாததால் யாரோ கதவைத் தட்டினார்கள். வந்தவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். மெக்கானிக்குக்குக் கைகால் ஓடவில்லை. நாற்காலியிலிருந்த ஒயர்களை வாரித் தள்ளி அவரை உட்கார வைத்தார். மனைவி மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் கொண்டு வந்தாள்.

“உங்க கடைசிக் கடிதம் கிடைச்சுது சார்” என்றார் ஆசிரியர். “மின்மினி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு எழுதியிருந்தீங்களே. யோசிச்சோம். மின்மினியை நிறுத்திடறோம்.”

“அப்படிப் போடுங்க!” மெக்கானிக் தொடையில் தட்டிக்கொண்டார். “ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். நேர்ல போய் நாலு வார்த்தை கேட்கணும்.”

“எங்களுக்கே தெரியாது. தபால் பெட்டி நம்பர்தான் இருக்கு. அதை விடுங்க. இனிமே எங்களுக்கு வர்ற எல்லாச் சர்க்யூட்டையும் நீங்கதான் சரிபார்த்துத் தரணும். முதல் பக்கத்துல உங்க போட்டோவோட ‘தொழில்நுட்ப ஆலோசகர்’னு போடுவோம்.”

மெக்கானிக்கின் வாய் காதுவரை விரிந்தது. இருபது வருஷமாக அடுத்தவர் ரேடியோவுக்கு உயிர் கொடுத்தவர், தன் பேர் அச்சில் வரக் காத்திருந்தவர்.

“ஒரே ஒரு விஷயம். இவருக்கென்ன தகுதின்னு வாசகர்கள் கேட்பாங்க. நீங்களே உருவாக்கின சர்க்யூட் ஒண்ணு கொடுங்க. அடுத்த இதழ்லயே போட்டுடலாம்.”

“ஒண்ணு என்ன சார், ஒரு நோட்டே இருக்கு! கல்யாணத்துக்கு முன்னாடி ராத்திரி பகல் பாராம போட்டது. மின்மினி அதைப் பார்த்தான்னா வெட்கத்துல தலை குனிவான்.” பெருமையாக மனைவி பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, பரண்ல என் பச்சை நோட்டு இருக்கும் பாரு, எடுத்துட்டு வா!”

மனைவி நகரவில்லை. கையிலிருந்த பென்சிலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“உங்க பிறந்தநாளுக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு வரைஞ்சு அனுப்ப ஆரம்பிச்சேங்க, முதல் படத்தைப் பார்த்ததுமே ‘எந்த முட்டாள்’னு கத்தினீங்களா, சொல்ல வாய் வரல... அந்தப் பச்சை நோட்டுல இருந்த பதினொண்ணுமே இவங்க பத்திரிகையில வந்து முடிஞ்சிடுச்சு!”