ஒன்பதே கால் பஸ்

திருச்சுழி தாலுகா ஆபீசில், பணி ஓய்வு பெற்ற அன்று தனக்கு நடந்த பிரிவு உபசார விழாவில் சங்கரலிங்கம் பேசினார்.

"இருபத்தாறு வருசமா ஒம்போதே கால் பஸ்ஸு. நான் ஏறி உக்காந்ததும் எம் பொண்டாட்டி வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிடுவா. ஒருநாள் தவறுனதில்ல. அதுலயே அன்னைக்குப் பொழுது நிம்மதியாப் போயிரும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே அருப்புக்கோட்டை வீட்டின் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார்.

"எதுக்கு இம்புட்டுக் கடுகு? பருப்பு டப்பாவ இந்தப் பக்கம் வையி. கேக்க ஆளில்லாம ரேடியோ ஏன் பாடுது? அத நிறுத்து."

மனைவி கனியம்மாள் ரேடியோவை நிறுத்தினாள். ஒன்பதே காலுக்கு ஹாரன் சத்தம் கேட்டதும் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினாள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பஸ்ஸைப் பார்த்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

பின்னாலேயே வந்த சங்கரலிங்கம் சிரித்தார். "அடியே, நான் இங்கனதான நிக்கிறேன்! பழக்க தோசத்துல வெறும் பஸ்ஸக் கும்பிடுறியே?"

"என்னைக்கும் பஸ்ஸத்தாங்க கும்பிட்டேன்" என்றாள் கனியம்மாள். "உங்களக் கூட்டிட்டுப் போகுதேன்னு நேத்து வரைக்கும் நன்றி சொன்னேன். இன்னைக்குத்தான் மொத மொதலா வேண்டிக்கிட்டேன்."