இரண்டாவது தட்டு

மொன்றியலில் பிற்பகல் பனி பொழிகிறது. ஆய்வுகூடத்தில், நுண்நோக்கியோடு இணைத்த கணினியின் திரையில் இரத்தத்தின் வெள்ளையணு ஒன்று தன் சவ்வைக் கைபோல நீட்டி நகர்கிறது. கிருமியைத் தொட்டதும் அதே சவ்வை விரித்து, சுற்றி மூடி, விழுங்கிவிடுகிறது. பியர்பொன்ட்ஸ் புறநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சிவராசா, குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கைதட்டுகிறார். "பாத்தியளே, என்ர பிள்ளை பிடிச்சிட்டாள்!" அவருடைய ஆறு வயது மகள் நிரோஜா, தொற்று குணமாகாமல் மூன்று மாதமாக மருத்துவமனையில் கிடக்கிறாள். சென்னையிலிருந்து படிக்க வந்த ஆய்வு மாணவி பார்கவி திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அண்ணா, அது என்னோட ரத்தம். ஒப்பிட்டுப் பாக்க, நோயில்லாத எங்க ரத்தத்தையும் எடுப்போம். பாப்பாவோடது இந்த ரெண்டாவது தட்டுல இருக்கு." நுண்நோக்கியின் அடியிலிருந்த தட்டை மாற்றுகிறாள். உருண்டையாக ஓர் அணு, பக்கத்திலேயே கிருமி. சவ்வின் ஓரம் லேசாக நடுங்குகிறது, நீளவில்லை. திரையின் மூலையில் நிமிடங்கள் ஓடுகின்றன. பத்து, இருபது. பார்கவி திரையை அணைக்கக் கை நீட்டுகிறாள். "நிப்பாட்டாதேங்கோ, தங்கச்சி." சிவராசா கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறார். "அவள் எதையும் கொஞ்சம் மெல்லமாத்தான் செய்வாள்."