இடது இறக்கை

அண்ணன் நோயல் தன் பழைய பீவர் விமானத்தோடு காணாமல் போன அந்தக் குளிர்காலம் முழுக்க, அடெல் அண்ணி உள்ளறையில் அதே விமானத்தை மரத்தில் சின்னதாகச் செதுக்கிக்கொண்டிருந்தாள். இடது இறக்கையை ஒட்டுவது மட்டும்தான் பாக்கி.

வடக்கே நரிகளுக்குக் கண்ணி வைக்கப் போயிருந்த அண்ணனின் நண்பன் மொடெஸ்ட் ஊர் திரும்பியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். அண்ணி செய்வது எதுவும் அவனுக்குத் தெரியாது.

“நோயலப் பாத்தேன்டா. வடக்க ஒரு ஏரி மேல, உறைஞ்ச பனியில விமானம் நிக்குது, உள்ள உக்காந்திருக்கான். இடது றெக்கையக் காணோம். ‘எப்படிடா பறப்பே?’ன்னு கேட்டா, ‘அடெல் போட்டுத் தருவா’ங்கறான்.”

“குடிச்சிட்டு வந்து உளறாத,” என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த அண்ணி எழுந்தாள். உள்ளே போய் இறக்கையை ஒட்டினாள்.

மறுநாள் மதியம் கூரைக்கு மேலே இன்ஜின் சத்தம் கேட்டது.

“அவருதான்!” அண்ணி கோட்டுகூடப் போடாமல், வீட்டெதிரே உறைந்து கிடந்த ஏரிக்கு ஓடினாள்.

“அண்ணி, நில்லுங்க!”

நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சத்தம் வடக்கே தேய்ந்துவிட்டது.

ஏரியில் யாரும் இல்லை. விமானத்தின் சறுக்குக் கட்டைகள் இழுத்த இரண்டு கோடுகள் பனியில் புதிதாகக் கிடந்தன. அண்ணியின் காலடிகள் அந்தக் கோடுகள் வரை போயிருந்தன. அதற்கப்பால் இல்லை.