நாலாவது அறை

வீட்டு வாடகைக் கம்பெனியின் இணையப் படிவத்துக்கு நிரல் எழுதியவனே அவன்தான். வீட்டுக்குள் அறைகள், அறைக்குள் ஆட்கள். உள்ளே ஒரு கட்டம் பிழையாகிச் சிவந்தாலும் வீடு மொத்தமும் சிவப்புதான்; படிவம் போகாது. இன்று தான் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அதை நிரப்பினான். சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும்.

மூன்று அறையும் பச்சை. நாலாவது அறை சிவப்பு: "வசிப்பவர் பெயர் தேவை."

வீட்டில் இருப்பதே மூன்று அறைதான். நாலாவதை நீக்கினான். 'அனுப்பு' என்று அழுத்தியதும், அழையா விருந்தாளி மாதிரி அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதிய நிரலைச் சல்லடை போட்டுச் சலித்தான். ஒரு கோளாறும் இல்லை.

"அதோட என்னப்பா பேரம் பேசிட்டிருக்கே? வாய்க்கு வந்த பேரைப் போட்டுத் தள்ளு," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

சோதனைக்கு எப்போதும் போடுகிற பெயர்தான் விரலுக்கு வந்தது: வாலு. மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எல்லாம் பச்சையானது. படிவம் போய்ச் சேர்ந்தது. உடனே மனைவியின் போன்.

"என்னங்க, வாலு ஹால்ல விளையாடிட்டிருந்தா, காணோம். வாசக் கதவு உள்தாப்பா போட்டுத்தான் இருக்கு. 'அப்பா'ன்னு கூப்பிடுற சத்தம் மட்டும் பக்கத்து ரூம்லேர்ந்து கேக்குது."

"எந்தப் பக்கத்து ரூம்?"

"அதாங்க தெரியல."

அனுப்பிய பெயரை அழிக்க வழியில்லை. நாலாவது அறையின் 'நீக்கு' பொத்தானை அழுத்தினான். அவனே என்றோ எழுதிவைத்த வரி மரியாதையாக வந்து நின்றது:

"மன்னிக்கவும். ஆள் இருக்கும் அறையை நீக்க முடியாது."