சித்திரை வெயிலில் ஹீற்றர்

“அண்ணை, உந்த ஹீற்றரை ஒருக்காப் போட்டுவிடுங்கோவன். இவர் குளிரிலை வெடவெடெண்டு நடுங்கிறார்.”

சித்திரை மாதத்து நடுப்பகல். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஹீற்றர் போடச் சொல்லி தியாகராசா இன்றுதான் கேட்கிறான். இங்கிலாந்துக் குளிருக்கென்று செய்த பழைய கார் அது. வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கிய நாள் முதல் அந்தச் சுவிச்சில் அவன் கை வைத்ததே இல்லை. வெந்துகொண்டிருக்கிற ஊரில் அது யாருக்கு வேண்டும்?

பின் சீற்றில் முருகேசு இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். பல் தந்தியடித்தது. மனைவி குணலட்சுமி அவனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“மலேரியாதான் அண்ணை. என்ரை தம்பிக்கும் இப்பிடித்தான் துவங்கினது. மூளைக்கு ஏறி ஆளே முடிஞ்சுது. மானிப்பாய் ஆசுபத்திரிக்குப் போகுமட்டும் இவர் தாங்கவேணும்.”

தியாகராசா சுவிச்சைத் தட்டினான். ஒரு சத்தமும் இல்லை.

“ஃபான் சுத்தேல்லை, பிள்ளை. சூடு வராது.”

“ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோவன். உங்களைக் கும்பிட்டன்.”

நிப்பாட்டுவதாம்! போன கிழமைதான் இதே வீதியில் ஓடிய வான் ஒன்றை ஆமியின் ஹெலிகொப்டர் சுட்டுப் பொசுக்கியது. ஆனால் அழுகிற பெண்ணிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நீர்வேலி வாழைத்தோட்டம் ஒன்றுக்குள் காரை இறக்கி, இலைகளுக்குக் கீழே ஒளித்து நிறுத்தினான். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின், அணைத்தால் திரும்பப் பிடிக்குமோ தெரியாது. ஓடவிட்டபடியே இறங்கினான்.

இறங்கியதும் அவன் கை மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. விடியலிலிருந்தே இப்படித்தான். அச்சுவேலிப் பக்கம் ஹெலி சுற்றிய சத்தத்தோடு பிடித்த நடுக்கம். தேத்தண்ணிகூடத் தொண்டைக்குள் இறங்கவில்லை. இத்தனை வயதில் இப்படியொரு பயமா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். அந்தப் பெண் கண்டுவிட்டால் மானம் போய்விடும்.

சுக்கானுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தான். பியூஸ் நன்றாக இருந்தது. வயரின் முனையில் சின்னப் பல்பு ஒன்றைப் பிடித்தான், எரிந்தது. விசிறியை விரலால் தள்ளினான். அதுவும் இலேசாகத்தான் சுழன்றது.

“என்னண்ணை, முழுக்கப் பழுதோ?”

“கரன்ற் வருகுது. கையாலை தள்ளினாச் சுத்துது. தானாய்ச் சுத்தமாட்டன் எண்டு நிக்குது.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில், பிறகு தோட்டத்துக்கு மேலேயே. வாழையிலைகள் படபடத்தன. போர்வைக்குள் முருகேசு நடுங்கிய நடுக்கத்தில் கார்க் கதவே கடகடத்தது.

“ஓடுவமோ அண்ணை?”

“ஓடினாத்தான் காணுவான். அசையாதை.”

“இவருக்குக் கூடிக்கொண்டு போகுது. கெதியாய் ஏதாவது செய்யுங்கோ.”

 தியாகராசாவின் புத்தி ஓடியது. வருகிற கரன்ற் திரும்பிப் போக வழி வேண்டுமே. எர்த் வயர் விட்டுப் போயிருக்குமோ? துண்டு வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை மோட்டரிலும் மறுமுனையைக் கார்த் தகட்டிலும் வைக்கப் பார்த்தான். கை நடுங்கி நடுங்கி விலகியது.

“பிள்ளை, இதைக் கொஞ்சம் பிடி. இருட்டுக்குள்ளை எனக்குக் கண் பிடிபடேல்லை” என்று பொய் சொன்னான்.

அவள் எட்டிப் பிடித்தாள். விசிறி விர்ரென்று சுழன்றது.

“எர்த்துத்தான். துருப் பிடிச்சுப் போச்சு.”

எர்த் வயர் பூட்டியிருந்த ஆணியைக் கத்தியால் சுரண்டி, வயரை முறுக்கிக் கட்டினான். அனல்காற்று காருக்குள் பரவியது. ஹெலியும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போய்விட்டது. குணலட்சுமிக்கு வியர்வை ஆறாக ஓடியது. தியாகராசாவுக்கு அந்தச் சூடு சுகமாகத்தான் இருந்தது. உயிர் தப்பியவனுக்கு எதுதான் சுகமில்லை?

சற்று நேரத்தில் முருகேசு போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான். நடுக்கம் நின்றிருந்தது.

“உங்கடை ஹீற்றர்தான் அண்ணை இவரைக் காப்பாத்தினது” என்று அவள் அழுதாள்.

தியாகராசாவுக்குப் பெருமை ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். நோயாளியின் நடுக்கம் நின்றுவிட்டது. ஹெலி போன பிறகும் இவனுடையது நிற்கவில்லை. மானிப்பாய் மட்டும் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டினான்.

ஆசுபத்திரியில் டொக்டர் அம்மா முருகேசுவை நெடுநேரம் சோதித்தார்.

“காய்ச்சல் ஒண்டும் இல்லையே. எப்ப துவங்கினது?”

முருகேசு முதல் தடவையாக வாய் திறந்தான். “பக்கத்து வளவிலை ஷெல் விழுந்த அண்டைக்கு. ஹெலி வருமெண்டு நினைச்சாலே வரும், சத்தம் கேட்டாக் கூடும். போனா நிண்டிடும்.”

“இது மலேரியா இல்லை. பயத்திலை வாற நடுக்கம். இதுக்கும் வைத்தியம் இருக்கு, யோசிக்காதேங்கோ.”

குணலட்சுமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தியாகராசாவுக்கும் பெரிய ஆறுதல். பயத்துக்கும் வைத்தியம் உண்டாமே.

“எனக்கும் உதே வருத்தந்தான் டொக்டர்” என்று மெல்லச் சொல்லிக் கையை நீட்டினான். “வெக்கத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

டொக்டர் அந்தக் கையைப் பிடித்தார். விடாமல், மற்றக் கையால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“பயத்துக்கு உடம்பு இப்பிடிக் கொதிக்காது, ஐயா. மலேரியா உங்களுக்குத்தான்.”