வெயில் படாத உடம்பு

“அந்தச் சிஞ்ஞோராதான், அந்த வீட்டுக்கார அம்மாதான் என்ரை தங்கச்சியை விசராக்கினவள்! அப்பிடியே சொல்லு பிள்ளை, ஒரு சொல்லும் விடாமல் சொல்லு!”

நகுலேஸ்வரன் மருத்துவரின் மேசையில் ஓங்கி அடித்தார். எத்தனையோ வருடங்களாக இத்தாலியின் பலெர்மோ நகரை ஒட்டிய மொண்டெல்லோவில் சமையல் வேலை செய்தும், அவருடைய இத்தாலியன் சமையலறையைத் தாண்டவில்லை. பலெர்மோவில் பிறந்த மகள் ஜெனனிதான் இரண்டு பக்கமும் கதைத்தாள்.

அடுத்த அறையில் அவர் தங்கை ஞானாம்பிகை ஊசி மயக்கத்தில் கிடந்தாள். யாரோ தன்னைத் திட்டுவதாக அலறியவளை, அன்று காலை அயலவர் அழைத்த அம்புலன்ஸ் கொண்டுவந்திருந்தது.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொன்னதை ஜெனனி தமிழில் சொன்னாள்.

“மாமிக்கு விற்றமின் டி இல்லை எண்டே சொல்லலாமாம் அப்பா. இப்பிடிக் குரல் கேக்கிற வருத்தம் உள்ள கனபேருக்கு அது குறைவாம். குறைஞ்சதால வருத்தம் வந்ததோ, வருத்தத்தால வீட்டுக்குள்ளயே கிடந்து குறைஞ்சதோ எண்டு இன்னும் சரியாத் தெரியாதாம். ஆனா இந்த வெயில் ஊரில இவ்வளவு குறைய என்ன நடந்தது எண்டு கேக்கிறா.”

“என்ன நடந்ததோ? வீட்டோட நிண்டு வேலை செய்தவளை வெளியில விடாமல் அடைச்சு வைச்சவள்! யன்னல்கூடத் திறக்க விடேல்லை. பொலிசுக்குப் போவன் எண்டும் சொல்லு!”

ஜெனனி அவரையே பார்த்தாள்.

“சொல்லட்டே அப்பா? எல்லாத்தையும்?”

“சொல்லு எண்டுறன்! என்ன பயம் உனக்கு?”

“இனிப் பயமில்லை.”

மருத்துவர் பக்கம் திரும்பி, மூச்சு விடாமல் இத்தாலியனில் கொட்டினாள். குரலில் கோபம் அடங்கவில்லை. முகம் இறுகக் கேட்டிருந்த மருத்துவர் தொலைபேசியை எடுத்தார்.

“பாத்தியே, பொலிசுக்கு அடிக்கிறா! வடிவாச் சொல்லிப்போட்டாய்” என்று நகுலேஸ்வரன் கதிரையில் சாய்ந்தார்.

“ஓம் அப்பா.”

ஜெனனி சொன்னது இதுதான்: “மாமியை உடனே மருத்துவரிடம் காட்டும்படி சொல்லித்தான் போன வருடம் அந்தச் சிஞ்ஞோரா எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். சனம் அறிந்தால் வெட்கம் என்று, அன்றிலிருந்து மாமியை இருட்டறையில் பூட்டி வைத்தது, இதோ இருக்கிற என் அப்பா.”