வாலை உருவிய இளவரசன்

"'இளவரசன் சட்டென்று இடுப்பிலிருந்து வாலை உருவினான்.' நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்மா. வாள் இல்லை, வால்!"

படித்துவிட்டு எடிட்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தாளர் வாய்விட்டே சிரித்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த அவருடைய கணவர் மட்டும் சிரிக்காமல், மடியிலிருந்த துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் கிடந்தது முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் வந்த நாவல். ஏரிக்கு அடியில் ஒரு நாடு, நிழல் இல்லாத இளவரசன், பறக்கும் குதிரை என்று கதை அமர்க்களமாகத்தான் இருந்தது. பிழைகள் அதைவிட அமர்க்களம். இப்போது திருத்திய பதிப்பு வரப்போகிறது. அது நன்றாகப் போனால், அத்தனை வருடமாகப் பெட்டியில் தூங்கும் இரண்டாம் பாகமும் வரும்.

"ஆறாவது படிக்கும்போது இதை லைப்ரரியில மூணு தடவை எடுத்தேம்மா," என்றாள் எடிட்டர். "'ராணியின் தோளில் கிலி உட்கார்ந்திருந்தது'ன்னு வரும். கிலின்னா ஏதோ புதுசா ஒரு பறவைன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன்."

"கிளிதாம்மா அது, பாவம்!" எழுத்தாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த கண்ணீர்தான்.

"மூணு நாளா விடாம 'மலை' வேற பெய்யுது. எட்டாம் அத்தியாயத்துல கறுப்பா இருந்த குதிரை ஒன்பதுல வெளுத்துப் போச்சு. அச்சேத்தறதுக்கு முன்னால வழக்கமா மூணு புரூஃப் பார்த்தா போதும். இதுக்கு ஏழு பார்த்ததா நீங்களே சொல்றீங்க. ஏழு பார்த்தும் இப்படின்னா, அந்த புரூஃப் ரீடர் கண்ணைக் கழட்டி வச்சுட்டா பார்த்தார்? கையில கிடைச்சா நல்லா நாலு கேள்வி கேப்பேன்."

"கேளும்மா," என்றார் கணவர். "நான்தான் அது."

எடிட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, சாரி சார்..."

"எதுக்கு சாரி? இத்தனை வருஷமா நானே என்னைக் கேட்டுட்டிருக்கேன்." அவர் பையைக் கீழே வைத்தார். "அச்சகத்துக்குப் பின்னால சின்னதா ஒரு ரூம். ஒரு மேஜை, ஒரு ஜன்னல், எந்நேரமும் மை வாசனை. நான் திருத்தி வைப்பேன். இவ வந்து வீட்டுக்கு வாங்கிட்டுப் போய் ஒருதரம் பார்த்துட்டு, ரெண்டு நாள் கழிச்சு அச்சுக் கோக்கிறவர்கிட்ட கொடுப்பா. அப்படியே என் ரூமுக்கும் வந்து ஒரு மணி நேரம் கதை பேசுவா."

"ஒரு மணி நேரமெல்லாம் இல்லை," என்றார் எழுத்தாளர். காது மட்டும் சிவந்திருந்தது.

"அடுத்த புரூஃப் வந்தா தப்பு அப்படியே நிக்கும். போன தடவை என் கண்ணுல படலை போலிருக்குன்னு நினைச்சுப்பேன். அச்சுக் கோக்கிறவர்கூட, 'தம்பி, உன் கண்ணு காகிதத்துலயா இருக்கு, வாசல்லதானே இருக்கு'ன்னு கிண்டல் பண்ணுவார். பொய்யில்லையே! ஏழாவது புரூஃப்ல முதலாளிக்குப் பொறுமை போயிடுச்சு. 'இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடலாம் சார்'னு இவ கெஞ்சினா. அவர் காதுலயே போட்டுக்கலை, மெஷின்ல ஏத்திட்டார்."

புத்தகம் வந்ததும் ஒரு வாரப் பத்திரிகை, 'நல்ல கதைதான். ஆனால் குழந்தைகளுக்கு வாங்கித் தராதீர்கள், இருக்கிற தமிழும் போய்விடும்' என்று எழுதியது. மறுநாளே அவருக்கு வேலை போயிற்று. வேலை போன மனிதரை ஆறே மாதத்தில் எழுத்தாளர் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"ஒருநாள்கூட இவ என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லைம்மா. அதுதான் இன்னும் உறுத்துது," என்றார் கணவர்.

எழுத்தாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எடிட்டர் தயங்கினாள். "சார், புதுப் பதிப்புக்கு ஒரு முன்குறிப்பு வேணும். முதல் பதிப்புல ஏன் அவ்வளவு பிழைன்னு வாசகர்களுக்கு ஒரு வரி சொல்லணும்ங்கறார் எங்க முதலாளி. நான் பூசி மெழுகி எழுதிடறேன்."

"வேண்டாம். உள்ளதை எழுது." அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். 'முதல் பதிப்பில் மலிந்திருந்த பிழைகளுக்கு, அதன் மெய்ப்பைத் திருத்தியவரின் கவனக்குறைவே காரணம்.'

"என் பேரையும் போட்டுடும்மா. நல்லா வந்திருக்க வேண்டிய கதையைக் கெடுத்தவன் நான்னு ஒரு இடத்துலயாவது ஒத்துக்கணும். அப்பதான் எனக்கு நிம்மதி."

எடிட்டர் தாளை எழுத்தாளர் பக்கம் நகர்த்தினாள். "கீழே ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா."

எழுத்தாளர் பேனாவைத் திறந்தார். அந்த ஒற்றை வரியை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போடாமல், 'மெய்ப்பைத் திருத்தியவரின் கவனக்குறைவே' என்பதன்மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார்.

"என்ன பண்றே? அது சரியாத்தானே இருக்கு?" பதறினார் கணவர்.

"அப்பவும் எல்லாம் சரியாத்தாங்க இருந்தது," என்றார் எழுத்தாளர், அவர் முகத்தைப் பார்க்காமலே. "நீங்க வாள்னு திருத்தித் தந்ததை, ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வால்னு மாத்தினது நான்தான். தப்பெல்லாம் தீர்ந்துட்டா, அப்புறம் எதைச் சாக்கு சொல்லிட்டு உங்க ரூமுக்கு வர்றது?"